கல்லாற்றுக்கு மேலே

அரபியில் 'அகபா' என்றொரு சொல் உண்டு. செங்குத்தாய் ஏறும் மலைவழி என்பது பொருள். குதிகாலைக் குறிக்கும் 'அகிப்' என்னும் சொல்லும் அதே வேரில் கிளைத்ததே. இதை அகராதியில் படித்த நாளில் யாம் பெரிதாக எண்ணவில்லை. கடலோர ஊரில் பிறந்த எமக்கு மணல்மேடே மலை. 1991ஆம் ஆண்டு, ஷஃபான் மாத விடுமுறையில், எம் குதிகால்களே அச்சொல்லுக்கு உரை எழுதின.

உடன் ஓதிய நண்பர் ஒருவர், எமக்கு நான்கு வயது மூத்த காக்கா ஒருவர், யாம் என மூவர். கோவையில் சுபுஹு தொழுதுவிட்டு மிதிவண்டிகளில் குன்னூருக்குப் புறப்பட்டோம். மேட்டுப்பாளையம் வரை சொல்ல ஒன்றுமில்லை.

கல்லாற்றின் பாக்குத் தோப்புகளைக் கடந்ததும் சாலை தலை நிமிர்கிறது. குன்னூர் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையத்தின் உயரம் ஏறத்தாழ 325 மீட்டர். குன்னூரோ 1,800 மீட்டரை ஒட்டியது. 1899இல் குன்னூருக்கு இரயில் விட்டவர்கள், கல்லாற்றுக்கு மேல் வழுவழுத்த தண்டவாளத்தை மட்டும் நம்பவில்லை. நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரத்தை அதில் கோத்தார்கள். இரயிலுக்கே பல் வேண்டியிருந்த மலை அது. எம்முடையவையோ கியர் இல்லாத, கம்பி பிரேக் பூட்டிய கனத்த வண்டிகள்.

இறங்கித் தள்ளுவது இழுக்கு என்று யாமும் நண்பரும் பேசி வைத்திருந்தோம். காக்காவுக்கு இழுப்பு நோய் உண்டு. முதல் வளைவிலேயே இறங்கிவிட்டார்.

"காக்கா, நீங்கள் கல்லாற்றிலேயே இருங்கள். திரும்பும்போது சேர்ந்து போவோம்" என்றோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. சோற்றுப் பொதியும் தண்ணீரும் அவர் கேரியரில் இருந்தன. சுமை குறைந்தது என்று மகிழ்ந்தே சென்றோம்.

நான்காம் வளைவில் தொடைகள் நடுங்கின. எழுந்து நின்று முழு உடலையும் சாய்த்தால்தான் மிதி ஒரு சுற்றுச் சுற்றும். லாரிப் புகை நெஞ்சை அடைத்தது. 'மலைத்தல்' என்ற வினைக்கு என்ன பொருள் என்று அன்று யாரும் எமக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த வளைவுக்கு முன்பே கண் இருண்டு, கைப்பிடிச் சுவரோரம் சாய்ந்தோம். நண்பர் ஏற்கெனவே படுத்திருந்தார். குரங்குகள் இரண்டு எம்மை நெடுநேரம் ஆராய்ந்து, பயனில்லை என்று கண்டு அகன்றன.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். கீழ்வளைவில் சங்கிலி கிறீச்சிடும் ஓசை. இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியபடி, வண்டியைத் தள்ளிக்கொண்டு காக்கா வந்துகொண்டிருந்தார். எதுவும் கேளாமல் பொதியை அவிழ்த்தார். "தண்ணீரை மெல்லக் குடியுங்கள்" என்றார், அவ்வளவுதான். அதற்குமேல் மூவரும் தள்ளிக்கொண்டே ஏறினோம். குன்னூரில் அஸர் ஜமாஅத் முடிந்திருந்தது.

'அகபா' என்னும் சொல் அல்-பலத் அத்தியாயத்தில் வருகிறது. அந்த ஏறுவழி எது என்று சொல்லுமிடத்தில், பசித்தவருக்கு உணவளித்தலும் கூறப்படுகிறது. முப்பதாண்டுகளாகக் கற்பிக்கிறோம். அவ்விடம் வந்தால் மாணவரை நிமிர்ந்து பாராமல், ஏட்டைப் பார்த்தே பொருள் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ் வீட்டில் காக்காவும் யாமும் ஒரே சஹனில் உண்ண அமர்ந்தோம். மலைப் பயணத்தைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தோம்.

"மறக்க முடியுமா! முன்னே போன நீங்கள் இருவரும் எனக்காகப் பாதி வழியில் காத்திருந்தீர்களே" என்றார்.

யாம் திருத்தவில்லை. சஹனில் எம் பக்கம் கிடந்த இறைச்சித் துண்டுகளை அவர் பக்கம் ஒதுக்கி வைத்தோம்.