முதலில் யாருக்குக் காட்டுவது?

பயிற்சிக்கு வந்து சேர்கிற மாணவியிடம் முதலில் ஹார்ட் டிஸ்க்கைத்தான் கொடுப்பார்கள். கேமரா அப்புறம்தான். மே மாதம், கல்லூரிக்கு விடுமுறை, விஸ்காம் இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கிறது. சினிமா கம்பெனிகளில் இடம் கிடைப்பது அரிது என்பதால் தொண்டு நிறுவனங்களைத் தேடி வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். வந்து பார்த்தால், அலுவலகத்தின் மூலையில் ஒரு கணினி, அதில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து கிடக்கும் காட்சிகள். எந்த ஊர், எந்தத் தேதி, பேசுகிறவர் யார் என்று எதிலும் குறித்திருக்காது. கேமரா வைத்த எண்ணே கோப்புக்குப் பெயராக நிற்கும். அதையெல்லாம் பிரித்து அடுக்குவதுதான் முதல் வேலை. அதைச் சலிப்பு என்று ஒதுக்குகிறவர்கள் பயிற்சியின் நல்ல பாதியை இழந்துவிடுகிறார்கள்.

அடுக்கும்போதுதான் வீடியோ எவ்வளவு கனமான பொருள் என்று தெரியவரும். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே காட்சி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி இடத்தைப் பிடிக்கும். இரண்டு கிராமம், நான்கு பேட்டி என்று போய்வந்தால் ஒரு நடுத்தர லேப்டாப் நிரம்பிவிடும். இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே மெமரி கார்டை அழிக்க வேண்டும் என்ற விதி அங்கே பழக்கமாகிறது. ஒரு பாட்டி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை மனம் திறந்து சொன்ன கதை அந்தக் கார்டில் இருக்கலாம். திரும்பப் போய் ‘இன்னொரு தடவை சொல்லுங்க’ என்று கேட்டால் அது அதே கதையாக வராது.

அடுத்தது ஒலி. படம் கொஞ்சம் ஆடினாலும் மன்னித்துவிடுகிற பார்வையாளர்கள், பேச்சு புரியவில்லை என்றால் உடனே கைவிட்டுவிடுவார்கள். கிராமத்து வீட்டில் பேட்டி எடுக்கப்போனால் மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். மே மாத வெயிலில் எல்லாரும் வேர்த்துக்கொட்ட உட்கார்ந்திருப்பார்கள். கோயில் கொடை நேரமானால் தெருமுனை ஒலிபெருக்கியில் பாட்டு. காலர் மைக்கைச் சேலையில் எங்கே மாட்டினால் உரசாது என்பதை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித்தராது. அந்த அக்காவிடமே கேட்டு, அவரே மாட்டிக்கொள்ளும்படி விடுவதுதான் மரியாதை. டியூப் லைட் வெளிச்சத்தில் படம் மினுக்கினால், இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் அடங்கிவிடும். இதெல்லாம் சின்ன விஷயங்கள். ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு நாளில் கற்க முடியாதது காது கொடுத்துக் கேட்பது. பேட்டி முடிந்து வந்ததும் அதை வரிவிடாமல் எழுத்தில் இறக்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத, பழகிய கைக்கே நாலைந்து மணி நேரம் ஆகும். வட்டார வழக்குத் தமிழைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள்கள் இன்னும் தடுமாறுகின்றன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி கேட்கும்போதுதான் பேட்டியின்போது காதில் விழாதவை விழுகின்றன. ஆட்டுக்கடன் வாங்கிய ஒரு பெண் நாற்பது நிமிடம் பேசியிருப்பார். ஆடு எப்படி வந்தது, மழையில் இரண்டு எப்படிச் செத்தன, மூத்தவள் படிப்பை ஏன் நிறுத்தினாள், வட்டிக்காரர் வாசலில் நின்ற நாள், பிறகு சங்கத்துப் பெண்கள் சேர்ந்து வந்த நாள். கடைசியில், ‘இப்போ பரவாயில்ல கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்’ என்று முடித்திருப்பார். மூன்று நிமிடப் படத்துக்கு எடிட்டர் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி வரியைத்தான்.

மூன்று நிமிடம் என்ற அளவுக்கு ஒரு காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். காகித அறிக்கையோடு ஒரு வீடியோவும் சேர்ந்துகொண்டது. அதில் தவறு ஏதும் இல்லை. அந்தப் பணத்தில்தான் மாலை வகுப்புகளும் மருத்துவ முகாம்களும் நடக்கின்றன. ஆனால் கூட்ட அறையில் உட்கார்ந்து பார்க்கப்போகிறவரை மட்டுமே மனத்தில் வைத்து வெட்டும்போது படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வந்துவிடுகின்றன: முதலில் கஷ்டம், பிறகு நிறுவனத்தின் பெயர், பிறகு சிரிப்பு, பின்னணியில் பியானோ. வட்டிக்காரரும் செத்த ஆடுகளும் டைம்லைனுக்கு வெளியே விழுந்துவிடுகின்றன.

இந்த அச்சு உலகம் முழுக்க உண்டு. அதை எதிர்த்தவர்களில் மாணவர்களும் உண்டு. நார்வே மாணவர்கள், கல்வியாளர்களின் உதவி நிதி அமைப்பான ‘சைஹ்’ 2012இல் ஒரு பாட்டு வீடியோ வெளியிட்டது. குளிரில் நடுங்கும் நார்வேக்காரர்களுக்காக ஆப்பிரிக்க மக்கள் ரேடியேட்டர்களைச் சேகரித்து அனுப்புவதாக அதில் காட்சி. ஆப்பிரிக்கா என்றாலே ஒட்டிய வயிறும் ஈ மொய்க்கும் கண்ணும் என்று காட்டிய நிதி திரட்டும் படங்களுக்கு அது சரியான பதில். மனிதரை இரக்கத்துக்குரிய பொருளாக மட்டும் காட்டக் கூடாது என்று ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989லேயே தங்களுக்கென ஒரு நடத்தை விதியை எழுதி ஏற்றிருந்தன. எழுதி ஏற்பது ஒன்று, எடிட்டிங் மேசையில் அதை நினைவில் வைப்பது வேறொன்று.

அந்த மேசையில் உட்காரும் எவருக்கும் சொல்லித்தர வேண்டிய கதை ஃபோகோ தீவினுடையது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள அந்தத் தீவில் 1967இல் சுமார் 5,000 பேர், பத்து ஊர்களில் சிதறி வாழ்ந்தார்கள். மீன்பிடித் தொழில் நலிந்திருந்தது. அவர்களை வேறிடத்துக்குக் குடிபெயர்த்துவிடலாம் என்று அரசு யோசித்துக்கொண்டிருந்தது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து காலின் லோ என்ற இயக்குநர் அங்கே போனார். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையை நடத்திய டொனால்ட் ஸ்னோடன் அவருக்குத் துணை நின்றார்.

லோ செய்ததில் பாடம் அவருடைய எடிட்டிங்கில் இருக்கிறது. வழக்கமான ஆவணப்படம் ஒருவர் சொன்னதை நறுக்கி, அடுத்தவர் சொன்னதன் பக்கத்தில் வைத்து, இரண்டும் மோதும்படி செய்யும். சிறிய தீவில் அப்படிச் செய்தால் படக்குழு போன பிறகு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாமா? அதனால் அவர் ஒரு ஆளுக்கு ஒரு படம், ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு படம் என்று தனித்தனியாக இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்கள் எடுத்தார். ஒவ்வொன்றையும் முதலில் பார்த்தவர்கள் அதில் பேசியவர்கள். இது வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பகுதி நீக்கப்பட்டது. பிறகு தீவின் ஊர்களில் திரையிட்டார்கள். ஒரே சிக்கலைத்தான் பக்கத்து ஊரும் சுமக்கிறது என்று அவர்களில் பலருக்குத் திரையில் பார்த்துத்தான் உறைத்தது. அதற்குப் பிறகே படங்கள் தலைநகருக்கு, அமைச்சர்களின் பார்வைக்குப் போயின. மீன்வளத் துறை அமைச்சர் தன் பதிலையும் படமாகவே பதிவுசெய்தார். அது தீவுக்குத் திரும்பிவந்து திரையிடப்பட்டது. தீவினர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அது இன்றும் நடக்கிறது. தீவில் மக்களும் இருக்கிறார்கள். படங்கள் மட்டுமே இதைச் செய்துவிட்டன என்று சொல்வது மிகை. அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஒரு வழி திறந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஸ்னோடன் பிற்காலத்தில் இந்த முறையைப் பல நாடுகளுக்கு எடுத்துப் போனார். 1984இல் இந்தியாவில்தான் காலமானார்.

அதே 1984இல் அகமதாபாத்தில், எலா பட் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கமான ‘சேவா’வில் ஒரு வீடியோப் பயிற்சி நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மார்த்தா ஸ்டூவர்ட் சுமார் இருபது பெண்களுக்குக் கேமராவையும் ஒலிப்பதிவையும் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கருவியில் இருந்த ஆங்கில எழுத்துகளை அவர்கள் வடிவங்களாக நினைவில் வைத்துக்கொண்டார்கள். மானெக் சௌக் சந்தையில் காய்கறி விற்ற பெண்களைப் பற்றிய படத்தை, காய்கறி விற்ற பெண்ணே எடுத்தார். கல்லூரியில் ஆறு பருவம் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது அடக்கத்தையும் தெம்பையும் சேர்த்தே தர வேண்டிய செய்தி. கருவி எவர் கைக்கும் பழகும். எதைப் படமெடுப்பது என்ற அறிவு அந்தச் சந்தையில் உட்கார்ந்திருந்தவரிடம்தான் இருந்தது.

தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் விவசாயப் பெண்கள் 1990களின் பிற்பகுதியில் கேமராவைக் கையிலெடுத்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்த பி.வி. சதீஷ்; 2023இல் மறைந்தார். ஹை ஆங்கிள், லோ ஆங்கிள் என்ற பாடநூல் பெயர்களை அந்தப் பெண்கள் தங்கள் அனுபவத்தைக் கொண்டு விளங்கிக்கொண்டார்கள். மேலிருந்து கீழே பார்ப்பது பட்டேல் ஷாட்: நிலக்கிழார் கட்டிலில் உட்கார்ந்து கூலியாளைப் பார்க்கிற பார்வை. கண்ணுக்கு நேரே வைப்பது சங்கம் ஷாட்: கூட்டத்தில் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசும் உயரம். 2003இல் வாரங்கல் விவசாயிகள் பிடி பருத்தி மீது ஏன் கோபமாக இருக்கிறார்கள் என்று ஒரு படம் எடுத்தார்கள். பருத்தி வயலைத் தெரிந்தவர்கள் எடுத்த படம் அது. பல மொழிகளுக்குப் போயிற்று.

மாணவி இந்தச் சங்கம் ஷாட்டைக் கிராமத்தில் முதல் நாளே எடுத்துப்பார்க்கலாம். பாயில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எதிரே டிரைபாடை நிற்கும் உயரத்தில் விரிப்பதுதான் சோம்பேறித்தனமான பழக்கம். கால்களை மடக்கி, தானும் தரையில் உட்கார்ந்து, லென்ஸைப் பாட்டியின் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தால் பேச்சின் தொனியே மாறும். ‘நீ எந்த ஊரு பாப்பா, அப்பா என்ன செய்யறாரு?’ என்று பாட்டி கேட்க ஆரம்பிப்பார். அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல நேரம் ஒதுக்க வேண்டும். பதிவு பொத்தானை அழுத்த அவசரப்படுகிறவர்களுக்கு அந்தப் பாட்டி தயாரித்து வைத்திருக்கும் வாசகங்கள் மட்டும்தான் கிடைக்கும்.

ஒப்புதல் படிவம் என்ற காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல இடங்களில் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. கீழே ஒரு கைநாட்டு. குழந்தைகள் விஷயத்தில் சட்டமே கண்டிப்பானது: 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவும், போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் அவற்றின் கீழ் வரும் குழந்தைகளின் அடையாளம் ஊடகத்தில் வெளிப்படுவதைத் தடுக்கின்றன. முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பள்ளிச் சீருடையையும் வீட்டு வாசலையும் தெளிவாகக் காட்டினால் அடையாளம் மறைந்ததாக ஆகாது. பெரியவர்கள் விஷயத்தில் கையெழுத்து வாங்கியதும் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். படம் எப்படி வரும் என்று தெரியாத நேரத்தில் போட்ட கையெழுத்து அது. வெட்டி முடித்த படத்தைப் பார்த்த பிறகு ‘சரி’ என்று சொல்வதே உண்மையான ஒப்புதல்.

ஊரில் திரையிடுவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. 2006இல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரிகின் காந்தி தொடங்கி, பிறகு தனித் தொண்டு நிறுவனமாக வளர்ந்த ‘டிஜிட்டல் கிரீன்’, விவசாயிகளை வைத்தே சிறு படங்கள் எடுத்து விவசாயிகளுக்குக் காட்டியது. பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, படத்தில் வருகிறவர் யார், எந்த ஊர் என்பதுதான். நம்மைப் போன்ற ஆள், நம் பக்கத்து மண் என்று தெரிந்தால் அவர் சொல்வதைச் செய்துபார்க்கிறார்கள். நன்கொடையாளருக்கு மட்டும் போகிற படம் இந்த வேலையைச் செய்ய வாய்ப்பே இல்லை.

பயிற்சிக்கு வருகிற பிள்ளைக்குப் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடுமாவது கொடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கொடுக்காவிட்டால், வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டுமே தொண்டு நிறுவனத்தில் கற்க முடியும். ஆட்டுக்கடன் வாங்கியவரின் மகள் விஸ்காம் படித்தால், அவள் கோடையில் வேறு கூலி வேலைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

படம் எடுத்த ஊரில் ஒரு மாலை திரையிட என்ன வேண்டும்? வாடகைக்கு ஒரு புரொஜெக்டர், சமுதாயக் கூடத்தின் வெள்ளைச் சுவர், ஸ்பீக்கர், வண்டிச் செலவு, எல்லாருக்கும் டீ. இருட்டிய பிறகு, ஆடு மாடு கட்டி முடித்த பிறகு ஆரம்பிக்க வேண்டும். முதல் முறை ஓடும்போது யாரும் கருத்துச் சொல்ல மாட்டார்கள். தங்களையும் தெரிந்தவர்களையும் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டாம் முறை போட்டால்தான் திருத்தங்கள் வரும். பின்னணியில் காட்டிய வயல் பேசுகிறவருடையதே இல்லை, கொழுந்தனாருடையது. கடன் தொகை தப்பாக எழுத்தில் வருகிறது. மகள் படிப்பை நிறுத்தியதைச் சொன்ன இடத்தை எடுத்துவிடுங்கள், அவளுக்கு வரன் பார்க்கிறோம். வட்டிக்காரரைப் பற்றிச் சொன்னதை ஏன் வெட்டினீர்கள், அதைத்தானே முக்கியமாகச் சொன்னேன்.

இதற்கான நாளைப் படத்தின் பட்ஜெட் போடும்போதே எழுதிவிட வேண்டும். அது மாணவியின் பயிற்சிக் காலம் முடிவதற்கு ஒரு வாரம் முன்னதாக விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் இறக்கியவளும் முதல் வெட்டு வெட்டியவளும் அவள்தான்; நாற்பது நிமிடத்தில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். வட்டிக்காரர் வந்து நின்ற நாளை அவள் மறுபடி டைம்லைனில் ஏற்றி, மூன்று நிமிடம் நாலரை நிமிடமானாலும் சரி என்று பொறுப்பாளரிடம் பேசி, பிறகுதான் படம் கூட்ட அறைக்குப் போக வேண்டும்.