இறங்குதலும் இரங்குதலும்

கடற்கரை நகரங்களைக் காணச் செல்வார்க்கு இக்காலத்தில் ஒருவகை வண்டி பெரிதும் உதவுகின்றது. பார்சலோனா, லிஸ்பன், கேப் டவுன், சிங்கப்பூர் முதலிய துறைமுக நகரங்களில் அஃது ஓடுகின்றது. காலையில் ஒரு சீட்டு வாங்கினால் அந்நாள் முழுதும் அச்சீட்டே போதும். வண்டி நகரைச் சுற்றிச் சுற்றி வரும். காணத்தக்க இடந்தோறும் நிற்கும். விரும்புவோர் இறங்கலாம், கண்டு முடித்தபின் அடுத்து வரும் வண்டியில் ஏறலாம். இறங்க விருப்பமில்லாதார் மேல்தட்டில் அமர்ந்து, காற்று வாங்கிக்கொண்டே நகர் முழுவதையும் ஒரு வட்டத்திற் பார்த்துவிடலாம். ‘ஏறி இறங்கு வண்டி’ என அதற்குத் தமிழிற் பெயரிடலாம். அப்பெயரில் உள்ள இரு சொற்களுள், ‘ஏறு’ என்பதினும் ‘இறங்கு’ என்பதே பொருட்சிறப்பு உடையதென்பது என் துணிபு. அத்துணிபு பிறந்த வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

சென்ற விடுமுறையில் ஒருநாள் சென்னையின் கடற்கரையை இம்முறையிற் காண எண்ணினேன். அதற்கு யான் கையாண்டது சாதாரண மாநகர பஸ்ஸே. பாரி முனையிற் புறப்பட்டுத் தெற்கு நோக்கிச் செல்வது. வேண்டிய இடத்தில் இறங்குவது. பின்னர் வரும் பஸ்ஸில் ஏறுவது என வகுத்துக்கொண்டேன். ஏறுந்தோறும் புதிய சீட்டு வாங்கவேண்டும் என்னும் ஒரு குறையைத் தவிர, சுற்றுலா வண்டிக்கு இஃது எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று. ஒருவகையில் உயர்ந்ததென்றும் சொல்லலாம். சுற்றுலா வண்டியில் இருப்போர் யாவரும் நகரைப் பார்க்க வந்தவர். இவ்வண்டியிலோ நகரமே அமர்ந்திருக்கின்றது. 2021-ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண பஸ்களிற் பெண்டிர் கட்டணமின்றிச் செல்லலாம். ஆதலின், பூக்கூடையும் மீன்கூடையும் ஏந்திய மகளிர் பலர் என்னுடன் பயணம் செய்தனர்.

முதலில் இறங்கிய இடம் புனித ஜார்ஜ் கோட்டை. 1639-இல் ஆங்கில வணிகர் இடம்பெற்ற மணற்பரப்பே பின்னர்ச் சென்னை மாநகராய் விரிந்தது. கோட்டையினுள் உள்ள புனித மரியாள் ஆலயம் 1680-இல் திறக்கப்பெற்றது. அதன் சுவர்களிற் பதித்த பளிங்குக் கற்களைப் படித்துக்கொண்டே செல்வோமாயின், கடல் கடந்து வந்து இளமையிலேயே மாண்டவர் எத்துணைப் பேர் என்பது புலனாம். கோட்டை என்ற சொல் வலிமையை உணர்த்துகின்றது. உள்ளே இறங்கிச் சென்றால் அக்கற்கள் நிலையாமையை உணர்த்துகின்றன.

கூவத்தின் மேலுள்ள நேப்பியர் பாலத்தைக் கடந்தவுடன் மெரீனாக் கடற்கரை தொடங்குகின்றது. 1880-களில் ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் என்பார் இங்கு உலாவுவதற்குரிய சாலையை அமைத்து இப்பெயரும் இட்டார். இவ்வகன்ற மணற்பரப்பு முற்காலத்தில் இத்துணை அகலம் உடையதன்று. துறைமுகத்திற்காகக் கடலினுள் கட்டிய சுவர்கள், தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்து நிறுத்தின. அதனால் தென்புறம் மணல் குவிந்து அழகிய கடற்கரையாயிற்று. வடபுறத்தில், மணல் வரத்து நின்றமையால், இராயபுரம் முதலிய குப்பங்களின் கரையைக் கடல் அரித்துண்டது. மெரீனாவில் மாலைக் காற்று வாங்குவோர் அமர்ந்திருக்கும் மணல், வடகரையினர் இழந்த மணல் என்று சொல்லினும் மிகையாகாது. இச்செய்தியை எந்த வண்டியின் சாளரமும் காட்டுவதில்லை.

பாலத்தை அடுத்து உழைப்பாளர் சிலை நிற்கின்றது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி அமைத்த இச்சிலை 1959-இல் நிறுவப்பெற்றது. நால்வர் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பார்க்குப் பாறையே பெரிதாய்த் தோன்றும். அருகே நின்று பார்ப்பார்க்கு அந்நால்வரின் நரம்பும் தோளும் தோன்றும். 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று, சிங்காரவேலர் இந்நகரின் கடற்கரையிலேயே தொழிலாளர் தினத்தைக் கொண்டாடினார். அவரும் கடலோரக் குலத்திற் பிறந்தவரே.

அடுத்து மாநிலக் கல்லூரியின் முன் இறங்கினேன். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் ஒருவன் அங்கு இறங்காமற் போதல் இயலுமோ? கடலை நோக்கி டாக்டர் உ. வே. சாமிநாதையரின் சிலை அங்கு நிற்கின்றது. 1903 முதல் 1919 வரை அப்பெரியார் அக்கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கினார். அவர் சைவர், எனினும் சமண காவியமாகிய சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். அந்நூற்பொருளை அறிதற்பொருட்டுக் கும்பகோணத்திலிருந்த சைனர் இல்லங்களுக்குத் தாமே சென்று, அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். தம் சமயம் என்னும் வண்டியில் இருந்தவாறே பிற சமயத்தைப் பார்த்துச் செல்லவில்லை, இறங்கினார்.

அதே கடற்கரைச் சாலையில், 1968-இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுவப்பெற்ற சிலைகள் பல உள. அவற்றுள் மூன்று கிறிஸ்தவத் தொண்டர்க்கு உரியவை. வீரமாமுனிவர் இத்தாலியிற் பிறந்து, தமிழகம் போந்து, தமிழ்த் துறவியர் போல் உடையும் உணவும் மேற்கொண்டு, புனித சூசையப்பரைத் தலைவராக வைத்துத் தேம்பாவணி பாடினார். கால்டுவெல் ஐயர் 1838-இற் சென்னையிற் கரையிறங்கினார். 1841-இல் நெல்லைச் சீமையை நோக்கிப் புறப்பட்டபோது வழிநெடுகக் கால்நடையாகவே சென்றார். ஊர்தோறும் தங்கி மக்கள் பேச்சைக் கேட்டார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை உலகிற்கு அளித்த செவி, அந்நடைப் பயணத்தில் மக்களின் பேச்சுத் தமிழிலே தோய்ந்த செவியன்றோ! போப் ஐயர் திருக்குறளை 1886-இலும் திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சிவபெருமான்மேற் பாடிய பாடல்களில் ஒரு பாதிரியார் தம் முதுமையைச் செலவிட்டார் என்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் உருகுகின்றது. ‘தமிழ் படித்து என்ன பயன்?’ என்று கேட்போர் நம்மிடையே பலர். அவர்க்கு விடையாகும் நால்வரையும் ஒரே சாலையிற் கண்டேன்.

ஐஸ் ஹவுஸ் என வழங்கிய வட்டக் கட்டடத்தைப் பற்றி ஒரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த இடம் அது. 1897-இல் விவேகானந்தர் அங்கு ஒன்பது நாள் தங்கினார். பின்னர்ச் சகோதரி சுப்புலட்சுமி இளங்கைம்பெண்களை அங்கு வைத்துப் படிப்பித்தார். பனிக்கட்டி ஒருசிலர்க்கே குளிர்ச்சி தந்தது. சகோதரியார் தந்த கல்வியோ எத்தனையோ இளநெஞ்சங்களின் வெம்மையைத் தணித்தது.

அடுத்தது கலங்கரை விளக்கம். 1977 முதல் ஒளி வீசிவரும் இது, உள்ளே மின்தூக்கி உடையது. மேலேறி நின்றபோது வடக்கே துறைமுகமும், கிழக்கே எல்லையற்ற நீலமும், தெற்கே சாந்தோம் ஆலயத்தின் வெண்கோபுரமும் ஒருங்கே தோன்றின. ஏறுதலின் பயன் இது; பகுதிகளை ஒன்றாகக் காணும் காட்சி ஏறினார்க்கே உண்டு. ஆனால், அவ்வுயரத்திலிருந்து பார்க்கும்போது கரையிலுள்ள படகுகள் சிப்பிகளாகவும் மனிதர் எறும்புகளாகவும் தோன்றினர். முகம் தெரியவில்லை.

முகம் காணும் பொருட்டு இறங்கி, நொச்சிக்குப்பத்தின் வழியே நடந்தேன். கண்ணாடியிழைப் படகுகள் மணலில் வரிசையாய்க் கிடந்தன. ஒருபுறம் முதியவர் ஒருவர் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். காற்றைப் பற்றி அவரைக் கேட்டேன். நாம் ‘காற்று’ என ஒரு சொல்லால் முடிப்பதை அவர் வாடை, கொண்டல், கச்சான் எனப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். எக்காற்றில் எம்மீன் வரும் என்பதும் உரைத்தார். நிகண்டு ஒன்று மணலில் அமர்ந்து வலை பின்னுவது போன்றிருந்தது.

இக்குப்பத்து மகளிர் நெடுங்காலம் சாலையோரத்திலேயே மீன் விற்றவர். 2023-இல் அக்கடைகள் அகற்றப்பட்டபோது அவர்கள் சாலையில் அமர்ந்து போராடினர். 2024-இல் 300-க்கு மேற்பட்ட கடைகளுடன் புதிய மீன் அங்காடி திறக்கப்பெற்றது. அங்கு வஞ்சிரத்தைத் துண்டமிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மையாரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் கத்தியை நிறுத்தாமலே கூறியதை அவர்தம் மொழியிலேயே தருகின்றேன்: “கடலைப் பாக்க எல்லாரும் வர்றாங்க தம்பி, மீன் வாங்கவும் வர்றாங்க. நாங்க எப்படிப் பொழைக்கிறோம்னு கேக்கத்தான் யாரும் எறங்கி வர்றதில்லே.”

அச்சொற்கள் என்னை அங்கேயே நிறுத்திவிட்டன. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும், அதற்குரிய உரிப்பொருள் இரங்கல் என்றும் வகுப்பிற் கற்றுள்ளோம். திரும்பி வாராத தலைவனை எண்ணித் தலைவி வருந்துதலே அவ்விரங்கல். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையிலும் ஏறிவந்தது. உயிரும் படகும் வீடும் கொண்டு சென்றது. அந்நாளை அறிந்த குப்பங்களில் இரங்கல் என்பது இலக்கணக் குறியீடு அன்று. வீட்டுக்கு வீடு அறிந்த செய்தி. ‘இரங்கு’ என்னும் சொல்லுக்கு வருந்துதல் என்பதோடு அருள்கூர்தல் என்னும் பொருளும் உண்டு. இடையின ரகரத்தால் எழுதுவது ‘இரங்கு’. வல்லின றகரத்தால் எழுதுவது ‘இறங்கு’. எழுத்தால் இவை வேறு, பொருளால் வேறு. ஆயினும், இறங்காதவன் இரங்குதல் அரிது என்பதை நொச்சிக்குப்பத்து மணல் எனக்கு உணர்த்தியது.

அங்கிருந்து சாந்தோம் அணித்தே உள்ளது. அப்போஸ்தலர் தோமா அடக்கமான இடம் என்பது தொன்று தொட்டுவரும் நம்பிக்கை. போர்த்துக்கேசியர் பதினாறாம் நூற்றாண்டில் ஆலயம் எழுப்பினர். இப்போதுள்ள வெண்மையான கட்டடம் 1896-இல் நேர்ந்தளிக்கப்பெற்றது. முழங்காலில் நின்று வேண்டினேன். வெளியே வந்தபோது வேறொரு செய்தியும் நெஞ்சில் எழுந்தது. மயிலைக் கபாலீசுவரர் கோயில் பண்டு கடலோரத்தில் இருந்ததென்றும், போர்த்துக்கேசியர் காலத்தில் அஃது அழிவுற்றபின் இப்போதுள்ள இடத்தில் எழுப்பப்பெற்றதென்றும் சரித்திர ஆசிரியர் கூறுவர். சம்பந்தர் பதிகத்தைப் பாடமாகப் படிக்கும் கிறிஸ்தவ மாணவன் இச்செய்தியை எங்ஙனம் ஏற்பது? முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியேறுதல் எளிது. ஆனால், என் வேதம் அயலானை நேசிக்கச் சொல்கின்றது. அயலானுடைய துயரை அறியாது அவனை நேசித்தல் ஆகாது. ஆதலின், மயிலைக் குளக்கரைக்கும் நடந்து சென்று, அக்கோபுரத்தையும் அதன் முன் கூடிய மக்களையும் சிறிதுநேரம் நோக்கி நின்றேன். என் விசுவாசம் அதனாற் சிறிதும் குறையவில்லை; பணிவு மட்டும் சற்று மிகுந்தது.

இறுதியாகப் பெசன்ட் நகரை அடைந்தபோது பொழுது சாய்ந்தது. எலியட்ஸ் கடற்கரை மணலில் வெண்ணிற வளைவொன்று தனித்து நிற்கின்றது. அதனடியிற் சிறுவர் பந்தாடுகின்றனர். இளைஞர் படம் எடுத்துக்கொள்கின்றனர். அது ஷ்மிட் என்னும் டென்மார்க்கு நாட்டினரின் நினைவுச் சின்னம். 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், பிறர் உயிரைக் காக்கக் கடலில் இறங்கிய அவர் கரையேறவில்லை. தம் நாட்டவரோ, தம் மொழியினரோ என்று ஆராய்ந்துகொண்டிருக்க அலை இடம் தந்திராது. இரங்கினார்; இறங்கினார். இவ்விரு சொற்களும் ஒன்றாய்க் கலந்த இடம் அவ்வளைவே எனலாம்.

அன்புள்ள மாணவ நண்பர்களே! நாம் கற்கும் கல்வியும் ஒரு வண்டியே. அஃது உயர்ந்த தட்டில் நம்மை அமர்த்தி நாட்டையும் மக்களையும் காட்டுகின்றது. அவ்வுயரம் வேண்டுவதே; அதனை இகழ்தல் நன்றியன்று. ஆனால், பட்டம் பெற்றபின் அத்தட்டிலேயே அமர்ந்து காலம் கழிப்போமாயின், நாம் காண்பவை சிப்பிகளும் எறும்புகளுமே. விண்ணினின்று இறங்கிவந்து, கலிலேயாக் கடலோரத்தில் வலைஞரைப் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவரை வணங்கும் கல்லூரி நம்முடையது. ஆதலின், நம் வழியில் எந்த நிறுத்தத்தில் ஒரு முகம் நம்மை நோக்குகின்றதோ, அங்கே இறங்குவோமாக. அடுத்த வண்டி எப்படியும் வரும்.