கன்னியாவில் ஏழு வாளி

திருகோணமலைக்காரருக்குக் கன்னியாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டினத்திலிருந்து அநுராதபுரம் வீதியால் போனால் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். அங்கே சிறிய சதுரக் கிணறுகள் ஏழு. ஆழம் ஓர் ஆளின் இடுப்பளவுதான் இருக்கும். ஏழிலும் வெந்நீர், ஆனால் ஏழும் ஒரே சூடு இல்லை.

நான் முதன்முதலில் போனது 1961இல். எனக்குப் பத்து வயது. அம்மம்மாவின் அந்தியேட்டிக்காக எல்லோரும் போனோம். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காகத் தரையில் ஏழு இடத்தில் குத்த, அங்கே பீறிட்டு வந்த நீர்தான் இது என்பது ஐதீகம். அதனால் தாய் தகப்பனுக்குக் கிரியை செய்ய எங்கள் ஆட்கள் அங்கே போவது பழைய வழக்கம்.

கிரியை முடிந்ததும் அம்மா என்னைக் கிணறு கிணறாகக் கூட்டிக்கொண்டு போனா. "எது கூடச் சுடும், சொல்லு பாப்பம்" என்றா. நான் வீரம் காட்ட முதல் கிணற்றிலேயே வாளி நிறைய அள்ளித் தலையில் ஊற்றிவிட்டுத் துள்ளிக் குதித்தேன். பாசியில் வழுக்கி முழங்காலும் தேய்ந்தது. அம்மா சிரித்துக்கொண்டே துவாயால் துடைத்துவிட்டா. திரும்பி வரும்போது பஸ்ஸில், சும்மா கதையோடு கதையாக, "எனக்கும் இஞ்சதான் செய்யவேணும் தம்பி" என்றா. நானும் தலையாட்டினேன்.

அம்மா 1997இல் மோசம் போனா. யுத்த காலம். சோதனைச்சாவடிகளைத் தாண்டி, கிரியைச் சாமான்களோடு கன்னியாப் பக்கம் போக எனக்குத் துணிவு வரவில்லை. போகலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். நான் வேண்டாம் என்றவர்களின் பேச்சைக் கேட்டேன். கடற்கரையில் அந்தியேட்டி நடந்தது. ஐயர் ஒரு குறையும் வைக்கவில்லை. குறை என் மனதில்தான் இருந்தது. பயந்துபோய்விட்டேனோ என்ற கேள்வி பல இரவுகள் வந்து போனது.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம், 2010இல், மகன் குடும்பம் விடுமுறைக்கு வந்தபோது எல்லோரும் ஒரு வானில் போனோம். விடியற்காலை. கிணறுகளின் மேல் மெல்லிய ஆவி. பேத்திக்கு ஆறு வயது. எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பப்பா, கீழ ஆர் நெருப்பு மூட்டினது?" என்றாள்.

இராவணன் கதையைச் சொன்னேன். மகன் பொறியியல் படித்தவன். அவன் தன் பங்குக்குச் சொன்னான்: இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகிறது. பொதுவாக ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடு கூடும். அங்கே சூடாகிய நீர், வேறு வெடிப்பு வழியாக விரைவாக மேலே வந்துவிட்டால் ஆற நேரமிருக்காது. மகாஓயா, மகாபெலஸ்ஸ வெந்நீரூற்றுகளும் இப்படித்தான். பேத்தி இரண்டு கதையையும் கேட்டாள். அவளுக்கு இராவணன்தான் பிடித்திருந்தது.

நான் வாளியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விலகிப் போனேன். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளி, ஏழு வாளி, அம்மாவை நினைத்துத் தலையில் ஊற்றினேன். மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவதோ ஐந்தாவதோ நல்ல சூடு. என்னை அறியாமல் துள்ளிவிட்டேன். பின்னால் பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலையெல்லாம் தண்ணீர் என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் பேசாமல் துவாயை நீட்டினா.

பதின்மூன்று வருடப் பாரம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று விளங்கியது. அம்மா அன்று பஸ்ஸில் சொன்னது கட்டளை அல்ல, ஆசை. அதைக் கட்டளையாக்கிச் சுமந்தது நான்தான்.

திரும்பி வரும்போது வானில் மகன் கேட்டான், "அப்பா, உங்களுக்கும் இஞ்சதானோ?" பகிடிக்குத்தான் கேட்டான். "எங்க வசதியோ அங்க செய். முடிஞ்சா, பிறகு ஒருநாள் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு வந்து இஞ்ச குளி" என்றேன்.

போக நினைப்பவர்கள் விடியற்காலையில் போங்கள், சனம் குறைவு. முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் படியில் கவனம். தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். என்னைப்போல வீரம் காட்ட வேண்டாம்.