மன்னார்: கோட்டையும் உப்பும் கருவாடும்

மதவாச்சி வீதியால் வரும் பஸ் தள்ளாடியைக் கடந்ததும் இருபுறமும் கடல்தான். பாலம் முடியுமிடத்தில் கோட்டை நிற்கிறது. 1990 இல் தகர்க்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக 2010 இல் திறந்த புதிய பாலம் இது.

போர்த்துக்கேயர் 1560 இல் கட்டிய கோட்டையை 1658 இல் ஒல்லாந்தரும் 1795 இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். நான்கு மூலைக் கொத்தளங்களும் இடிந்த தேவாலயச் சுவரும் பார்க்கலாம். நிழல் குறைவு, காலையில் போவது நல்லது. பள்ளிமுனையில் 19 மீற்றருக்கு மேல் சுற்றளவுள்ள பெருக்கமரம் உண்டு. அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள்.

எம்முடன் வன்னியிலிருந்து வந்த மாதர் சங்கப் பெண்கள் ஆறுபேருக்கும் கோட்டையைவிட உப்பளத்திலேயே கண். கடல்நீரைப் பெரிய பாத்திகளில் கட்டி வெயிலில் வற்றவிடுகிறார்கள். முதலில் ஜிப்சம் படியும். பிறகு நீரைச் சிறு பாத்திக்கு மாற்ற, அங்கே உப்பு விளைகிறது. மிஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிட்டு உப்பைச் சுரண்டிக் குவிப்பார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கும்; காலில் சிறு வெடிப்பு இருந்தாலும் எரிவு தாங்காது.

"மழை பெய்தால் உப்பும் கரையும், எங்கட நாட்கூலியும் கரையும் தங்கச்சி" என்றார் அங்கு வேலை செய்யும் அக்கா ஒருவர். 2025 இல் மழையால் விளைச்சல் கெட்டு, கடல் சூழ்ந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது நினைவிருக்கும். அந்த நட்டத்தில் கூலிப்பெண்ணின் பங்கை எவர் கணக்கெடுத்தார்?

நண்டு, இறால், கணவாய் என்று கடலுணவுக்குக் குறைவில்லை. நல்ல நண்டு வெளியூருக்குப் போய்விடும். பெண்களின் கையில் நிற்பது கருவாடுதான். வாடியொன்றில் எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த முஸ்லிம் அக்காவும் பள்ளிமுனை அக்கா ஒருவரும் ஒன்றாக மீன் கீறிக்கொண்டிருந்தார்கள். 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது முதலாமவர் புத்தளம் போனார். மற்றவர் அதே ஆண்டு படகேறி இந்தியாவுக்குப் போனவர். திரும்பிவந்தபோது இருவரின் வீட்டிலும் கூரை இல்லை. அதைப்பற்றி அதிகம் பேசவில்லை. உப்பு விலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

கேட்டறிந்த கணக்கு இது: மூன்று கிலோ பச்சை மீன் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. மணலில் போடாமல் பரணில் வலை விரித்துக் காயவைத்தால் மண் ஒட்டாது, விலையும் கூடும். ஈரம் இருக்கும்போதே பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

எமது பெண்கள் பத்துக் கிலோ வாங்கினார்கள். வவுனியா வரும்வரை பஸ்ஸில் ஒரே வாக்குவாதம்: காற்கிலோவாகக் கட்டி விற்பதா, அரைக்கிலோவாகவா என்று.