கப்பலேறிய ஓலை யானைகள்

பனையேறி இறங்கும்போது குருத்தோலை வெட்டிப் போடச் சொல்லி ஆச்சி காத்திருப்பாள். சாரவோலை வேலி அடைக்கத்தான் லாயக்கு, பிள்ளைகள் கையில் கொடுக்கிற சாமானுக்கு ஆகுமா என்பாள். குருத்தை விரித்து ஈர்க்கைக் கிழித்தெடுத்து முற்றத்து வெயிலில் போட்டால் தந்த நிறத்துக்கு வெளுத்துவிடும். பின்னுவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைப்பாள்; இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் ஒடியும். கொஞ்சம் ஓலையை ரோஸ், பச்சைச் சாயத்தில் முக்குவாள். கிளி மூக்கும் மயில் கழுத்தும் அதில்தான். யானைக்குச் சாயம் கிடையாது. வயிற்றுக்குள் இரண்டு குன்றிமணி போட்டுப் பின்னி முடித்தால் நடக்கும்போது கிலுகிலுக்கும்.

எங்கள் ஊர் கொற்கை ஒருகாலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று வாத்தியார் சொன்னால் எங்களுக்குச் சிரிப்பு வரும். தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைப் பல மைல் கிழக்கே தள்ளிவிட்டது. மண்ணைத் தோண்டினால் சங்கு கிடைக்கும், அவ்வளவுதான். 1877ல் கால்டுவெல் தோண்டிப் பார்த்தார். 1968-69ல் தொல்லியல் துறை தோண்டியதில் கிடைத்த கரித்துண்டின் வயதை கி.மு. 785 என்று கணக்கிட்டார்கள்.

துறைமுகம் போனாலும் வெளியூர் போகிறவர்கள் குறையவில்லை. ராமேஸ்வரத்தில் ஏறித் தலைமன்னார் வழியாகக் கொழும்புக் கடைக்குப் போகிற மாமா, சரக்குக் கப்பலில் வேலை பார்த்த அத்தான், குவைத்துக்குக் கிளம்பிய இளவட்டங்கள் என்று தெருவில் எப்போதும் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். கருப்பட்டிக்கே இடமில்லாத பெட்டியில் ஆச்சி ஒரு யானையைத் திணிப்பாள்.

“எடையே கிடையாது, பாத்துக்கிடும். போற எடத்துல ஒரு சின்னப் புள்ள கையில குடுத்துட்டு, என்ன ஏதுன்னு ஒரு கடுதாசி போட்டிரும். நம்ம ஆளுக புள்ளைக்குக் குடுத்துராதேயும்.”

கடைசி நிபந்தனைதான் முக்கியம். சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு ஊருக்கு வந்தால் கிடைக்கும், ஊருக்கே வரமுடியாத பிள்ளைக்குத்தான் அனுப்பவேண்டும் என்பது அவள் கணக்கு. கடிதம் வந்தால் நான் வாசிக்கவேண்டும். பினாங்கு எங்கே, ராட்டர்டாம் எங்கே என்று பள்ளிக்கூட அட்லஸில் விரல் வைத்துக் காட்டவேண்டும். ஒருமுறை பெட்டியில் நசுங்கிச் சப்பையாகிப்போன யானையை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை மீன் என்று வாங்கிக்கொண்டதாம். ஆச்சிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இந்த ஆற்றங்கரையில் கையால் மிருகம் செய்வது புதிதல்ல. ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் 1899லிருந்து அலெக்சாண்டர் ரீ எடுத்த வெண்கலச் சாமான்களில் எருமையும் ஆடும் சேவலும் உண்டு. பின்னாளில் எழும்பூர் மியூசியத்தில் அந்த எருமையைப் பார்த்தபோது, ஆச்சி பார்த்திருந்தால் கொம்பில் ஒரு குறை கண்டுபிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ரீக்கும் முன்னாலேயே, 1876ல், ஜாகர் என்ற ஜெர்மானியர் அங்கிருந்து மண்பாண்டங்களையும் இரும்புக் கருவிகளையும் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். அவரிடம் கடுதாசி போடச் சொல்ல ஆளில்லை.

அத்தான் ஒரு தடவை வந்திறங்கி, ஆச்சி கையில் காய்ந்து பழுப்பேறிய வெட்டுக்கிளி ஒன்றை வைத்தார். யானை எந்தப் பிள்ளைக்கும் போய்ச் சேரவில்லை. கப்பலில் சமையல் பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரிலும் பின்னுவோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். பதிலுக்கு, கப்பல் அவர் நாட்டில் நின்றபோது தென்னோலை வெட்டி இதைப் பின்னிக் கொடுத்தாராம். நிபந்தனையை மீறியதற்கு ஆச்சி அத்தானைத் திட்டவில்லை. “தென்னோலையில என்ன நிக்கும்?” என்று மட்டும் சொல்லிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து அதை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். காய்ந்த ஓலை பாதியில் பொடிந்துபோயிற்று. மிச்சத்தை ஊகித்துக்கொண்டு குருத்தோலையில் பின்னி அவிழ்த்து, பின்னி அவிழ்த்து, ஒருநாள் சாயங்காலம் பின்னங்கால் இரண்டும் சரியாக மடங்கிய ஒன்றை என் சட்டைப் பையில் சொருகிவிட்டாள்.

எங்கள் தெருவில் இன்றைக்கும் பிள்ளைகள் பின்னுகிற வெட்டுக்கிளி பிலிப்பைன்ஸ் ஜாதிதான்.