கரையில் கூடிய உறவு

எங்கள் பூர்வீகம் ஜெகதாப்பட்டினம். பங்காளிகள் எல்லாம் விசைப்படகுக்காரர்கள். அவர்களை மொத்தமாகப் பார்க்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான் போக வேண்டும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று விசைப்படகுகளுக்குத் தடை போடும் அந்த 61 நாளும் எல்லோரும் கரையில் இருப்பார்கள்.

இந்த வருஷம் குடும்பத்தோடு அறந்தாங்கியில் பஸ் மாறிப் போய் இறங்கினோம். "இளைச்சுப் போயிட்டியேடா!" என்று அப்பத்தா கன்னத்தைத் தடவினார். நாட்டுப்படகில் வந்த நண்டும் கணவாயும் இலையை நிறைத்தன. போதும் என்றால் அத்தைக்குக் கோபம்!

சாப்பிட்ட பிறகு பெரியப்பா மெல்லப் பேசினார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட அவர் படகு இன்னும் திரும்பவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் உருவான அதே 1974-இல்தான் பாக் நீரிணையில் இந்திய - இலங்கை எல்லைக்கோடும் வகுக்கப்பட்டது.

"தண்ணியில கோடு தெரியுமா தம்பி? இவனுக்காவது கடல் வேணாம். உங்க பாலிடெக்னிக்ல சேர்த்து விடு" என்று பத்தாவது முடித்த மகனைக் காட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். படகு இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் அவன்!

விண்ணப்பம் போட்டாயிற்று. மெக்கானிக்கல் வகுப்பில் அவன் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இடம் கொடுங்கள். டீசல் இன்ஜினில் சந்தேகம் வந்தால் அவனையே கேட்கலாம்.