துணையின்றி முட்டையிடும் கிளி

சேவல் இல்லாமலே பேட்டுக்கோழி முட்டையிடும் என்பதை அறியாதார் இல்லை. ஆயினும், கூண்டுக்கிளியொன்று அவ்வாறு செய்துவிட்டால் வீட்டார் அதனை அற்புதமென்றே கொண்டாடுகின்றனர். யாழ்ப்பாணத்தில் என் தமையனார் வீட்டிலும் இதுவே நிகழ்ந்தது. ஆண் என்று சொல்லி விற்கப்பட்ட 'மணி' என்னும் கொக்கட்டீல் பறவை, தன் மூன்றாம் வயதில் கூண்டின் மூலையில் வெண்ணிற முட்டையொன்றை இட்டது. மச்சாள் அதனை அயலாருக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தார். ஏழு மாதங்கள் கழிந்தபோது அந்த மகிழ்ச்சி எவரிடமும் இல்லை. அதற்குள் நான்கு முறை முட்டையிட்டுவிட்டது. மொத்தம் 23 முட்டைகள்.

கொக்கட்டீல் அவுஸ்திரேலியாவுக்குரிய சிறு கிளி. மழை பெய்து புல்விதை மலியும் காலத்தில் மரப்பொந்தில் நான்கு முதல் ஏழு முட்டைகள் வரை இட்டு, ஆணும் பேடும் மாறி மாறி அடைகாக்கும். உணவு குறைந்தால் அந்த வேட்கையும் அடங்கிவிடும். வீட்டிலோ வற்கடம் என்பதே இல்லை. கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை. மாலையில் மச்சாள் ஊட்டும் இளஞ்சூடான சோறு. நுழைந்து கொள்ள அலுமாரியின் கீழே இருண்ட மூலை. கிழித்துப் பரப்பக் கடதாசி. (ஞாயிறு மலரைத்தான் மணி மிக விரும்பிக் கிழிக்கும் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.) அன்றியும், யாழ்ப்பாணத்துப் பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணித்தியாலமே ஆயினும், தொலைக்காட்சி நாடகங்கள் முடியும் வரை, இரவு 11 மணி மட்டும், விறாந்தையில் விளக்கு எரிந்தது. ஆகவே, மணிக்குப் பகல் 17 மணித்தியாலம். நெடும்பகலும் நிறைந்த உணவும் கண்ட பறவையின் உடலில் ஓமோன்கள் பெருகுகின்றன. குஞ்சு பொரிக்கும் பருவம் வந்துவிட்டதென்று அது நம்புகிறது.

இதனால் என்ன தீங்கு என்று கேட்கலாம். மணியின் நிறை சுமார் 90 கிராம். முட்டையின் நிறை ஐந்து கிராம். 60 கிலோ நிறையுள்ள பெண்ணொருத்தி ஒன்றுவிட்ட ஒரு நாள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட குழந்தையைப் பெறுவதற்கு இது ஒப்பாகும். முட்டையோடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றினால் ஆனது. வெறும் விதையுணவில் கல்சியம் மிகக் குறைவு. எனவே பறவை தன் எலும்பிலிருந்தே அதனை எடுத்துக் கொடுக்கிறது. முட்டையை வெளித்தள்ளும் தசைகள் சுருங்குவதற்கும் கல்சியம் வேண்டும். அது தீர்ந்துபோனால் முட்டை உள்ளேயே தங்கிவிடும்.

ஐப்பசி மழைநாளொன்றில் அதுவே நேர்ந்தது. மணி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் குந்தியிருந்தது; மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் அசைந்தது; கால்கள் தளர்ந்துவிட்டன. என் பெறாமகள் அதனைத் துணியில் சுற்றிக் கால்நடை வைத்தியரிடம் கொண்டோடினாள். வெப்பமூட்டி, கல்சியம் ஊசி ஏற்றிய பின் மாலையில் முட்டை வெளிவந்தது. ஓடு தோல்போல் மென்மையாக இருந்தது. இத்தகைய நிலையில் எண்ணெய் தடவுவதும் வயிற்றை அழுத்துவதும் கூடாதென்றும், முட்டை உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்தென்றும் வைத்தியர் எச்சரித்தார். ஓமோன் சுரப்பை அடக்கும் ஊசிமருந்துகளும் உண்டு. ஆனால் வாழ்க்கைமுறையை மாற்றாமல் மருந்தை மட்டும் நம்புவதில் பயனில்லை என்பது அவர் கருத்து.

அன்று தொடங்கி மாலை ஆறு மணிக்கே கூண்டு இருண்ட அறைக்குச் சென்றது. அலுமாரியின் கீழே பலகை அடிக்கப்பட்டது. சூரியகாந்தி விதை குறைந்து, முருங்கையிலையும் கரட்டும் சேர்ந்தன. கணவாய் ஓடு கூண்டிலே தொங்கியது. நாட்டு வைத்தியர் கடல்நுரை என்று வழங்கும் இப்பொருள் நம் கரையோரத்தில் காசின்றிக் கிடைப்பது. நன்கு கழுவிக் காயவைத்தால் போதும். காலை வெயிலும் வேண்டும். கண்ணாடி யன்னலூடாக வரும் வெயில் விற்றமின் டீ உண்டாக உதவாது.

இவையெல்லாம் எளிதாயின. கடினமானது அண்ணரின் கை. மகன்மார் இருவரும் கனடாவில். ஓய்வுபெற்ற அவருக்கு மாலைப்பொழுதின் துணை மணிதான். அதன் முதுகை அலகுமுதல் வால்வரை தடவிக்கொண்டே வானொலி கேட்பார். அதுவும் குனிந்து, வாலை உயர்த்தி, மெல்லக் கூவும்.

"அதற்கும் என்மேல் எவ்வளவு பாசம் பார்," என்பார்.

"அப்பா, நீங்கள் முதுகைத் தடவும்போது உங்களைத் தன் சோடியென்று அது நினைக்கிறது. அதனால்தான் முட்டையிடுகிறது," என்றாள் மகள்.

அண்ணர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "தலையைச் சொறியலாமோ?" என்று கேட்டார். தலையும் கழுத்தும் மட்டும் என்று விடை வந்தது. மறுநாள் அவர் மற்றக் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் கொண்டையைச் சொறிந்ததை நான் கண்டேன். மணி முதுகைக் காட்டிக் குனிந்தது. அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

பதினொரு மாதம் முட்டையில்லை. பன்னிரண்டாம் மாதம் மீண்டும் ஒன்று கிடந்தது. அயல்வீட்டார் உடனே எடுத்தெறியச் சொன்னார்கள். அவ்வாறு எறிந்தால், குறைந்ததை நிரப்புவதற்கு மேலும் மேலும் இடும். ஆதலின் பெறாமகள் அவற்றை அவித்து ஆறவைத்து அதே மூலையில் திரும்ப வைத்தாள். மூன்றோடு நின்றது. இருபது நாள் அவற்றின்மேல் படுத்திருந்த மணி, ஒருநாட் காலை தானாகவே எழுந்து, அண்ணர் நீட்டிய தினைக்கதிரைக் கொத்த வந்தது.